ஏழாம் நம்பரின் அவசரம்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நிமிஷக் கணக்கு மட்டும் ஓரிடத்தில் முன்னே பின்னே இருக்கும். அதற்குக் காரணம் நான்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பெட்டி இருந்தது. ஆள் படுக்கிற நீளம், கதவு அகலம். உள்ளே வாயு, வேறொன்றும் இல்லை. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு உங்கள் தலை வழியாகவும் பத்திருபது போயிருக்கும். பதற வேண்டாம், எங்கள் டைரக்டர் தலை வழியாக நாற்பது வருஷமாகப் போகிறது, எதிலும் பட்டதாகத் தகவல் இல்லை. அப்படி ஒரு துகள் பெட்டிக்குள் நுழைந்து வாயுவைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஓட்டை வாளியில் தண்ணீர் தூக்கிப் போகிறவன் மாதிரி, வழியெல்லாம் துளித்துளியாக மின்சாரத்தைச் சிந்திவிட்டுப் போகும். அந்தச் சிந்தலைப் பொறுக்கி, துகள் போன வழியைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

பொறுக்குவதற்குப் பெட்டியின் அடியில் வரிசையாக எட்டு எலக்ட்ரானிக் போர்டுகள். முன்பெல்லாம் பெட்டிக்கு மேலே ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். அது "துகள் வந்தாச்சு, எல்லாரும் சொல்லுங்க" என்று உத்தரவு போட்டால்தான் கீழே போர்டுகள் வாயைத் திறக்கும். அந்த உத்தரவுக்கு டிரிக்கர் என்று பெயர். அது வரும்வரை தலையில் இடியே விழுந்தாலும் போர்டு மூச்சு விடாது. எங்கள் டைரக்டருக்கு இந்த முறை உயிர். கூட்டம் நடத்தும்போது அவர் முன்னால் ஒரு பித்தளை மணி இருக்கும். அவர் யாரைப் பார்த்து அடிக்கிறாரோ அவர்தான் பேசலாம். ஒருமுறை கூரையிலிருந்து சுண்ணாம்புக் கட்டி பெயர்ந்து கணக்குப்பிரிவுக்காரர் தலையில் விழுந்தது. அவர் கையைத் தூக்கிக் காத்திருந்து, மணி அடித்த பிறகு "ஆ" என்றார்.

இந்த முறையை மாற்றியவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, துகள் டாக்டர். எட்டு வருஷம் உட்கார்ந்து புது போர்டுகள் செய்தார். அவற்றுக்கு மேலே யாரும் உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொரு போர்டிலும் நகத்தளவுச் சில்லுகள். தன்மேல் விழுகிற சிந்தல் இத்தனைக்கு மேல் என்றால் சில்லு தானே முடிவு செய்து, "இன்ன மணி, இன்ன நிமிஷம், இன்ன விநாடி, என்மேல் இவ்வளவு விழுந்தது" என்று எழுதி அனுப்பிவிடும். யாரையும் கேட்காது. எட்டும் தனித்தனியாகச் சொல்வதை நேரப்படி சேர்த்தால் கோடு வந்துவிடும். இதற்கு செல்ஃப் டிரிக்கர் என்று பெயர்.

டைரக்டர் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"உத்தரவு கொடுக்கறது யாரு?"

"யாரும் இல்ல சார். அதுவே பார்த்துக்கும்."

"அதுவேன்னா? மேல யாரு இருக்காங்க?"

"மேல யாரும் இல்ல சார்."

டைரக்டர் மேலே பார்த்தார். மின்விசிறிதான் இருந்தது. "சரி, அனுப்பறதுக்கு முன்னாடி யார் கையெழுத்து?"

"ஒரு விநாடிக்கு ஆயிரம் கையெழுத்துப் போடணும் சார்."

டைரக்டர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், ஒரு விநாடி எவ்வளவு நேரம் என்று யோசித்தார், மூடிவிட்டார். ஆனால் அன்றைக்கே அவருக்கு அந்தப் பெட்டியின்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நான் வயர்காரன். ஈயம் வைத்து ஒட்டுவேன், கேபிள் இழுப்பேன். என்னை எல்லோரும் ஈயக்காரர் என்பார்கள். எட்டு போர்டிலிருந்தும் கம்ப்யூட்டருக்கு எட்டு கேபிள். எட்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஏனென்றால் மின்சாரமும் நடந்துதான் வர வேண்டும், வழி குறைந்தால் முன்னாலேயே வந்துவிடும். முப்பத்தேழு வருஷத்தில் நான் வெட்டிய கேபிள் ஒன்றுகூட மயிரிழை கூடக் குறைந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, டாக்டரம்மா வெளியூர் விருந்தாளிகளிடம் சொல்வார். "எங்க அண்ணா வெட்டினா அளந்து பார்க்கவே வேண்டாம்." நான் அந்தப் பக்கம் வேலையாக இருக்கிற மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன்.

அந்த எட்டில் ஏழாவது கேபிள் ஒரு முழம் குறைவு.

அதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுச் சமையலறை ஜன்னல் கொக்கி உடைந்து காற்றில் டமார் டமார் என்று அடித்துக்கொண்டிருந்தது. மனைவி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேபிள் உருளை வந்த அன்றைக்கு, இவ்வளவு பெரிய உருளையில் ஒரு முழம் போனால் என்ன தெரியப் போகிறது என்று வெட்டிக்கொண்டு போய் ஜன்னலைக் கட்டினேன். நல்ல கேபிள். வெள்ளி பூசிய கம்பி, இரட்டை உறை. புயலே வந்தாலும் ஜன்னல் அசையாது. ஆனால் உருளையை அனுப்பியவன் என்னைவிடக் கறாரானவன், எட்டுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு விரல்கடைகூட வைக்கவில்லை. ஏழாவதை வெட்டும்போதுதான் தெரிந்தது. எட்டாவதைச் சரியாக வெட்டி, ஏழாவதை இழுத்துப் பிடித்து மாட்டினேன்.

கம்ப்யூட்டரில் கேபிள்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. வயர்காரன் நிரப்ப வேண்டியது. அதில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கட்டம்: "இந்த போர்டு எவ்வளவு முன்னதாகச் சொல்லும்?" மற்ற ஏழு கட்டங்களில் சுழி போட்டேன். ஏழாம் நம்பருக்கு என்ன போடுவது? ஒரு முழத்துக்கு எவ்வளவு என்று டாக்டரம்மாவைக் கேட்டால் முழம் வெளியே வந்துவிடும். குத்துமதிப்பாகப் பதினொன்று என்று போட்டேன். பதினொன்று என்ன என்று பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம் கேட்டது. கண்ணாடி கொண்டுவரவில்லை. அது என்ன கேட்டாலும் சரி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பெட்டியை ஓடவிட்டார்கள். திரையில் கோடுகள் விழ ஆரம்பித்தன. ஆனால் எல்லாக் கோட்டிலும் ஏழாம் நம்பர் இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டை, பல் போன வாய் மாதிரி. ஏழாம் நம்பர் சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது பாட்டுக்கு மற்றவர்களோடு சேராமல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா சாப்பாட்டை மறந்து இரண்டு வாரம் தேடினார். சில்லை மாற்றினார், போர்டை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"அண்ணா, கேபிள் எட்டும் சரிதானே?"

"எட்டும் என் கையால வெட்டினதும்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

"அப்போ அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் எதையும் மாற்றாதபடி கம்ப்யூட்டருக்குப் பூட்டு வார்த்தை போட்டுவிட்டார். கேபிள் பக்கத்தை மட்டும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் இறங்கிவிட்டது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. சிலிண்டர் மாற்றுவது, வாயு போகிறதா என்று எண்ணெய்ப் புட்டியில் குமிழி பார்ப்பது அவன் வேலை. குமிழியைப் பார்க்கிற வேலை தூக்கத்துக்கு ரொம்ப ஒத்துப்போகும். நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன், அதனால் அவன் தூங்கும்போதெல்லாம் கெட்ட பேர் எனக்கு. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழங்காலத்தது. ஏறினால் எந்த மாடியில் விடும் என்று அதற்கே தெரியாது. முழங்கால் வலிக்காரரான டைரக்டர் மட்டும்தான் அதில் வருவார். அது கிளம்பும்போது மோட்டார் உதறுகிற உதறலில் எட்டு போர்டிலும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் விழும்.

ஒருநாள் மச்சினன் என் காதில் வந்து சொன்னான். "அத்தான், ஏழாம் நம்பர் மட்டும் முதல்ல சீப்பு காட்டுது. காட்டி சரியா பதினோரு நிமிஷத்துல டைரக்டர் வர்றாரு. மூணு தடவை பார்த்துட்டேன்."

"தூக்கத்துல பார்த்தியா?"

"தூங்கினா மாட்டிக்குவேன்னுதானே அத்தான் பார்க்கறேன்."

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். மணி பதினொன்று ஐந்து. ஏழாம் நம்பர் சீப்பு காட்டியது. அது அனுப்பிய சேதியில் எழுதியிருந்த நேரம் பதினொன்று பதினாறு. டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் கைக்கடிகாரத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பதினொன்று பதினாறுக்கு லிஃப்ட் உறுமியது. மற்ற ஏழு போர்டும் சீப்பு காட்டின. டைரக்டர் உள்ளே வந்து, மூன்று பேரும் திரைமுன் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். "இது நடக்காது."

"நடந்துடுச்சே மேடம்" என்றான் மச்சினன்.

"நடந்தது தெரியுது. நடக்காதுன்னு சொல்றேன்."

எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. இந்த போர்டு யார் உத்தரவுக்கும் காத்திருக்காத போர்டு. "நீ பதினோரு நிமிஷம் முன்னால் சொல்கிற ஆள்" என்று கட்டத்தில் எழுதிவிட்டேன். அது என்னை மாதிரி இல்லை, எழுதியதற்கு மதிப்புக் கொடுத்துவிட்டது. மேலே ஒருத்தர் இருந்தால் "இரு இரு, இன்னும் வரவில்லை" என்று அடக்கியிருப்பார். இதற்கு யார் இருக்கிறார்கள்?

"மேடம், இதை வெளியில சொன்னா பெரிய பேரு!" என்று மறுநாள் மச்சினன் குதித்தான்.

"எனக்குத் துகள் போன வழி வேணும்ப்பா. வரப்போறதைச் சொல்றது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

"ஏழாம் நம்பர் சொன்னதைப் பதினோரு நிமிஷம் தள்ளிப் போட்டா கோடு சேர்ந்துடுமே?"

"சேருது. நேத்தே போட்டுப் பார்த்தேன். ஆனா அது நான் வரைஞ்ச கோடு. துகள் வரைஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?"

அந்த நியாயமெல்லாம் டாக்டரம்மாவுக்கு. எங்களுக்கு அடுத்த மூன்று வாரமும் பொற்காலம். ஏழாம் நம்பர் பல்லைக் காட்டியதும் மச்சினன் எழுந்து முகம் கழுவி, தலை சீவி, குமிழிகளை எண்ண ஆரம்பிப்பான். பக்கத்து அறைக்காரர்களுக்கும் போன் போட்டுச் சொல்வான். டைரக்டர் எந்த நேரத்தில் வந்தாலும் மூன்றாவது மாடி முழுக்கத் தேனீக்கூடு மாதிரி வேலை நடந்துகொண்டிருக்கும். அவருக்குச் சந்தேகம் வந்து ஒருமுறை படிக்கட்டு வழியாக வந்தார். படிக்கு ஒரு தரம் "அம்மாடி" என்றதில், அவர் முதல் மாடியில் வரும்போதே எங்களுக்குக் கேட்டுவிட்டது.

மச்சினனுக்கு ஒருநாள் விபரீத ஆசை. ஏழாம் நம்பரைப் பொய்யாக்கிப் பார்க்க வேண்டும். சீப்பு விழுந்ததும் கீழே ஓடி லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டான். டைரக்டர் வந்தார்.

"லிஃப்ட் ரிப்பேர் சார். இன்னிக்குப் போகாது."

"யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"நீ சொன்னா சரியா? நானே பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வரணும்" என்று ஏறிப் பொத்தானை அழுத்தினார். சரியாகப் பதினொன்றாவது நிமிஷம். அதற்குப் பிறகு மச்சினன் ஏழாம் நம்பரிடம் மரியாதையாக நடந்துகொண்டான், அதன் முன்னால் கால்மேல் கால் போடுவதில்லை.

பொற்காலம் இப்படித்தான் முடிந்தது. டைரக்டர் கூட்டம் கூட்டி மணியை டாக்டரம்மாவைப் பார்த்து அடித்தார்.

"நானும் மூணு வாரமாப் பார்க்கறேன். எப்ப வந்தாலும் உங்க அறையில எல்லாரும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்காங்க."

"நன்றி சார்."

"இவ்வளவு வேலை நடந்தா வேலை முடிஞ்சிருக்கணுமே? முடியலைன்னா அந்தப் பெட்டியால முடியாதுன்னு அர்த்தம். வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்கு வெளியில இருந்து மூணு பேர் குழு வருது. எட்டு போர்டும் சேர்ந்து, உடனுக்குடனே, அவங்க கண்ணு முன்னாடி, ஒரே ஒரு நேர்க்கோடு காட்டணும். காட்டலைன்னா பெட்டியைப் பிரிச்சு மூட்டை கட்டுங்க. அந்த அறை நாற்காலிக் கிடங்குக்கு வேணும்."

எங்களிடம் உட்கார ஆளில்லாத நாற்காலிகள் நானூறு இருந்தன. எல்லாம் டைரக்டர் வாங்கியது.

டாக்டரம்மா மணி அடித்தால் பேசலாம் என்று காத்திருந்தார். டைரக்டர் மணியைத் துணியால் மூடிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும். எட்டு வருஷம். அதில் ஐந்தாவது வருஷம் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லுப் படம் வரைந்துகொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவி என் தட்டைப் பார்த்தாள்.

"என்னத்தை ஒளிக்கிறீங்க?"

"நான் என்ன ஒளிக்கிறேன்?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. வாயைத்தான் மூடிக்கத் தெரியும். இன்னிக்கு ரொம்ப மூடியிருக்கு."

சொல்லிவிட்டேன். முழம், பதினொன்று, நாற்காலி எல்லாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"இதுவா?"

"அதுதான்."

"மூணு மாசம் கத்தினப்போ கடையில ஒரு கொக்கி வாங்கத் தோணலை. உலகத்துத் துகளையெல்லாம் நிறுத்திட்டு வந்து எனக்கு ஜன்னல் கட்டினீங்களாக்கும்."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க" என்றாள். "சொல்லுவீங்க" என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

அவள் நினைத்தது சரி. செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை, டாக்டரம்மா வேலையாக இருந்தார். புதன்கிழமை சொல்லப் போனேன், அந்த நேரம் பார்த்து அவர் யாரிடமோ போனில், "வயரிங்ல பிரச்சினை இருக்காதுங்க, அது எங்க அண்ணா பார்த்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வருஷத்துப் பேர் வாசலில் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை. ஒன்பது நாற்பத்து நாலுக்கு ஏழாம் நம்பர் சீப்பு காட்டியது. "ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு டைரக்டர் குழுவோட வர்றாரு" என்று மச்சினன் அறிவித்துவிட்டுத் தலை சீவினான். டாக்டரம்மா நேற்றைய புடவையிலேயே இருந்தார். குழுவிடம் என்ன சொல்வதென்று ஒரு காகிதத்தில் எழுதி, எழுதியதை அடித்து, அடித்ததன்மேல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாற்பத்தொன்பதுக்கு ஏழாம் நம்பர் ஊமையானது.

ஒரு புள்ளி கிடையாது. ஐந்து வாரத்துக்கு மேலாக ஒரு விநாடி சும்மா இருக்காத போர்டு. மற்ற ஏழும் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"நாற்பத்தொன்பது. கூடப் பதினொண்ணு..."

"பத்து" என்றேன்.

"பத்து மணியோட எல்லாம் முடியுது. பத்து மணிக்கு மேல அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணுமே நடக்கப்போறதில்ல."

நாங்கள் மூன்று பேரும் நாலு திசையில் ஓடினோம். பெட்டி ஊமையாக வேண்டுமென்றால் ஒன்று கரண்ட் போக வேண்டும், இல்லை வாயு தீர வேண்டும். டாக்டரம்மா மின்சாரப் பலகைக்கு ஓடி அங்கே ஒரு கையை வைத்துக்கொண்டார். மச்சினன் சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தான், பாதிக்கு மேல் இருந்தது. இருந்தாலும் அவனுக்கு ஏழாம் நம்பரின் வாக்கில் நம்பிக்கை. சிலிண்டரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பத்து மணி தாண்டற வரைக்கும் இதை நான் விடமாட்டேன் அத்தான். யார் வந்து இழுத்தாலும் சரி."

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு லிஃப்ட் உறுமியது. அது ஊர்ந்து வந்து கதவு திறந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தேழு. டைரக்டரும் குழுவும் உள்ளே வந்தார்கள். ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் கையில் நோட்டு, மூன்றாமவர் வந்ததுமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண்மணி மின்சாரப் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும், ஒரு ஆள் சிலிண்டரோடு கன்னம் ஒட்டி நிற்பதையும் நெட்டையர் பார்த்தார்.

"இவர்?"

"வாயுப் பிரிவு" என்றார் டாக்டரம்மா.

நோட்டுக்காரர் எழுதிக்கொண்டார்.

நான் நடு அறையில் நின்றேன். எனக்குப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. பசித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கை சும்மா இருக்க மாட்டாமல் டிபன் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இரண்டு ரொட்டித் துண்டு. அதன்மேல் வட்டமாகச் சுற்றி, துடைத்துச் சுத்தமாக, ஒரு முழம் கேபிள்.

ஜன்னலிலிருந்து அவிழ்த்து வைத்திருக்கிறாள்.

அதைக் கையில் எடுத்ததும் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பத்து மணிக்குப் பெட்டி சாகப்போவதில்லை. ஏழாம் நம்பர் பத்து மணிவரை நடக்கப்போவதையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது. அதற்கப்புறம் நடப்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால், பத்து மணிக்கு யாரோ அதன் கட்டத்தில் இருக்கிற பதினொன்றை அழிக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அதை அழிக்க டாக்டரம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். அதாவது நான் சொல்லப்போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு ஒன்பது நிமிஷம் முன்னாலேயே அந்த போர்டுக்குத் தெரிந்திருக்கிறது. வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

"டாக்டரம்மா, ஏழாம் கேபிள் ஒரு முழம் குறைச்சல்" என்றேன். எனக்கே தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது. "நான்தான் வெட்டினேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். கேபிள் பக்கத்துல என் இஷ்டத்துக்குப் பதினொண்ணுன்னு போட்டுட்டேன். அது நிமிஷம்னு எடுத்துக்கிச்சு போல."

டைரக்டர் பையிலிருந்து மணியை எடுத்தார். "நான் இன்னும் அடிக்கலையே! நீங்க எப்படிப் பேசலாம்?"

"தானா வந்துடுச்சு சார்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மின்சாரப் பலகையை விட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.

"அந்த முழம் எங்க?"

கொடுத்தேன். அதில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்ததை ஊதினார். மேசைமேல் நீட்டினார். அது சுருண்டுகொண்டது. "ஒரு முனையைப் பிடிங்க" என்று நெட்டையரிடம் கொடுத்தார். நெட்டையர் பிடித்தார். அளவுகோலை வைத்தார்.

"நாற்பத்தஞ்சு சென்டிமீட்டர். இரண்டேகால்."

"இரண்டேகால் என்னம்மா?" என்றேன்.

"நானோசெகண்ட். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்கு போட்டா அதுல இரண்டேகால் பங்கு. நீங்க போட்டது எவ்வளவுன்னு தெரியுமா அண்ணா?"

"கொஞ்சம் கூடன்னு தெரியும்."

அவர் பூட்டு வார்த்தையைத் தட்டி, இத்தனை நாள் திறக்காத கேபிள் பக்கத்தைத் திறந்தார். ஏழாம் கட்டத்தில் என் பதினொன்று இரண்டு ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதை அழித்தார். இரண்டேகால் போட்டார். சின்னக் கட்டத்தில் நானோசெகண்டைத் தேடிப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டில் போய் நின்றது. தட்டினார்.

ஏழாம் நம்பர் பேசியது. மற்ற ஏழோடு சேர்ந்து, அதே விநாடியில்.

எங்கிருந்தோ கிளம்பி, எத்தனையோ தூரம் தாண்டி, கூரையைத் தாண்டி, டைரக்டரின் மணியையும் அநேகமாகத் தாண்டி ஒரு துகள் வந்தது. திரையில் ஒன்றாம் நம்பரிலிருந்து எட்டாம் நம்பர்வரை, ஓட்டையில்லாமல், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அடுத்தது இன்னொன்று. அடுத்தது இன்னொன்று. டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே நின்றார். இப்போது அழுதார். நோட்டுக்காரர் "கண் எரிச்சலா?" என்று கேட்டார். "ஆமா, வாயு" என்றார் டாக்டரம்மா. "வாயு கசியவே இல்ல மேடம்" என்று மச்சினன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

நெட்டையர் அளவுகோலை எடுத்து வந்து திரைமேலேயே வைத்துப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு" என்றார். டைரக்டரும் வைத்துப் பார்த்தார். அளவுகோலைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்.

அப்போது நோட்டுக்காரர் பதிவைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டிருந்த மூன்றாமவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "பத்து மணிக்கு முன்னாடி அந்த ஏழாவது போர்டு பதினோரு நிமிஷம் பேசாம இருந்திருக்குன்னு பதிவுல காட்டுதே. ஏன்?"

டாக்டரம்மாவுக்குப் பொய் வராது. "அது சொல்ல வேண்டியதையெல்லாம் முன்னாலேயே சொல்லிட்டது சார்."

மூன்றாமவர் கண்ணைத் திறந்தார். "சொல்லி முடிச்சதும் சும்மா இருந்ததா? பதினோரு நிமிஷமா? என் வாழ்க்கையில இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. அறையை இவங்களுக்கே கொடுங்க."

நாற்காலிகள் நானூறும் டைரக்டர் அறைக்கு வெளியே நடைபாதையில் அடுக்கப்பட்டன. அவர் தம் அறைக்குப் போக ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. முழங்காலுக்கு அது நல்ல பயிற்சி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு தாக்கீது வந்தது. அரசாங்கச் சொத்தான கேபிள் ஒரு முழத்தை ஜன்னலில் கட்டிய குற்றத்துக்கு விளக்கம் தரவேண்டும், முழத்தையும் திருப்பித் தரவேண்டும். இரண்டையும் தந்தேன். டாக்டரம்மா அதற்கப்புறம் விருந்தாளிகளிடம், "எங்க அண்ணா வெட்டினா நாங்க ஒரு தடவை அளந்து பார்த்துக்குவோம்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் நின்று அதையும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே டைரக்டர் லிஃப்டில் வந்தார். எட்டு போர்டும் ஒன்றாகச் சீப்பு காட்டின, அவர் கிளம்பிய பிறகு. மச்சினன் சிலிண்டரில் சாய்ந்து, நேற்று பிடித்த பிடியை விடாமல் தூங்கிக்கொண்டிருந்தான். டைரக்டர் அவன் காதருகே மணியைக் கொண்டுபோய் அடித்தார். அவன் கண்ணைத் திறக்காமல், "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு" என்றான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது சமையலறை ஜன்னல் டமார் டமார் என்று அடித்துக்கொண்டிருந்தது. மனைவி ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"யார் சொன்னாங்க? உன் தம்பியா?"

"யாரும் சொல்லலை. டிபன் பாக்ஸ்ல போடும்போதே தெரியும்."

எத்தனை மணிக்குப் போட்டாள் என்று கேட்டேன். காலை ஏழே முக்காலுக்காம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டேகால் மணி நேரம். ஏழாம் நம்பர் இவளிடம் வந்து படிக்க வேண்டும்.

"அது கிடக்கட்டும். ஜன்னலுக்கு என்ன வழி?" என்றாள்.

"நாளைக்குக் கடையில கொக்கி வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் மாவுக் கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். புதுக் கொக்கி, நாலு திருகாணி, ஒரு திருப்புளி.

போன வாரமே வாங்கி வைத்துவிட்டாளாம்.